மருத்துவக் குழுவின் முன்னால் – பகுதி 7

மனநோயால் வந்த இயலாமைக்குச் சான்று கேட்டு விண்ணப்பித்தவரைப் பதற்றம் பிடிப்பது பெரும்பாலும் மருத்துவக் குழுவின் தேதி தெரிந்த அன்றுதான். தூக்கம் குறைகிறது, வயிறு கலங்குகிறது, கேட்கப்படாத கேள்விகளுக்கெல்லாம் மனம் பதில் சொல்லிப் பார்க்கிறது. இதை அவருடைய நோயின் இன்னொரு அறிகுறி என்று மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) மனநோயையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் வேலையில் இடஒதுக்கீடு உள்ளிட்ட முக்கியமான உரிமைகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு வேண்டும். செவித்திறனை அளக்கக் கருவி இருக்கிறது. மனச்சிதைவையோ இருமுனைக் கோளாறையோ எக்ஸ்ரேயில் காட்ட முடியாது. 'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார்' என்று முடிவு செய்துவிடுவார்களோ என்ற அச்சம் அங்கிருந்துதான் வருகிறது.

அச்சத்தைக் குறைக்கும் முதல் வழி, குழு எதை அளக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது. மனநோய்க்குப் பயன்படும் அளவுகோலின் பெயர் ஐடியாஸ். இந்திய மனநல மருத்துவர்கள் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு உருவாக்கியது. குளிப்பது, உண்பது, உடுத்துவது போன்ற சுயபராமரிப்பு, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்று நான்கு துறைகளை அது பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் நீடித்த காலத்துக்கும் அதிகபட்சம் 4 மதிப்பெண் சேர, மொத்தம் 20. கூட்டுத்தொகை 7 ஆனால் 40 சதவீதக் கோட்டைத் தொடலாம். நோயின் பெயர் எவ்வளவு கடுமையாக ஒலிக்கிறது என்பதற்கு இதில் மதிப்பெண் இல்லை. அந்த நோயோடு ஒருவரின் அன்றாடம் எப்படி நடக்கிறது என்பதே கேள்வி.

தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். மருத்துவரைப் பார்க்கப் போகிறோம் என்பதால் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டு, 'கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லு' என்று சொல்லிக் கூட்டி வருவார்கள். அந்தச் சட்டையை மாட்டிவிட்டது அம்மா. குளிக்க வைக்க அரை மணி நேரம் கெஞ்சியதும் அவரே. குழுவின் முன்னால் 'தானே குளிப்பாரா?' என்ற கேள்விக்கு 'குளிப்பார்' என்று ஒரே சொல்லில் பதில் வரும். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. நாள்தோறும் செய்து பழகிய உதவி, செய்பவர் கண்ணுக்கே உதவியாகத் தெரிவதில்லை. இத்தனை ஆண்டுகளாக அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் காத்து வந்ததை அந்நியர் முன்னால் உடைத்துச் சொல்லும் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் கூச்சத்தைக் குறையாகக் கருதுவது அநியாயம். ஆனால் அதனால் இழப்பு நேர்வது நோயாளிக்கு.

ஆகவே தேதிக்கு முன்பு ஒரு வாரமாவது குறிப்பெழுதி வைப்பது நல்லது. யார் எழுப்பினார்கள், மாத்திரையை யார் எடுத்துக் கொடுத்தார்கள், எத்தனை முறை சொன்ன பிறகு சாப்பிட்டார், வீட்டுக்கு விருந்தினர் வந்தபோது என்ன செய்தார், கடைசியாகப் பார்த்த வேலை எத்தனை நாள் நீடித்தது, ஏன் நின்றது என்பனவெல்லாம் அதில் இருக்கலாம். நல்ல நாளையும் மோசமான நாளையும் உள்ளபடியே எழுத வேண்டும். பதற்றத்தில் மறதி கூடும். அப்போது தாளைப் பார்த்துச் சொல்வதில் தவறில்லை. பழைய மருந்துச் சீட்டுகள், மருத்துவமனையில் சேர்ந்திருந்ததற்கான டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி ஒரே ஃபைலில் வைத்தால் முந்தைய இரவு தேடி அலைய வேண்டியதில்லை. உடன் வருபவர் தினமும் கூட இருப்பவராக இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் படித்த சித்தப்பாவைவிட அன்றாடம் சோறு போடும் அக்காவின் வார்த்தைக்கு இங்கே பயன் அதிகம்.

நோய் 'தெரிய வேண்டும்' என்பதற்காகச் சில நாள் மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் யோசனையைச் சிலர் சொல்வதுண்டு. இது ஆபத்தானது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம். மீண்டு வர மாதங்கள் ஆகலாம். சான்றுக்காக எவரும் கொடுக்கக் கூடாத விலை அது.

குழுவின் முன் செல்லும் அன்று காலை வழக்கமான மாத்திரை, வழக்கமான உணவு. காபி ஏற்கெனவே படபடப்பில் இருப்பவரின் நடுக்கத்தைக் கூட்டும். காத்திருப்பு நீளலாம் என்பதால் தண்ணீரும் சிற்றுண்டியும் கையில் இருக்கட்டும். நெஞ்சு அடிக்கத் தொடங்கினால் மெல்ல மூச்சை இழுத்து, அதைவிட நீளமாக வெளிவிட வேண்டும். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு தணிவது உடலின் இயல்பு. பேச்சு அடைத்துக்கொண்டால் 'பதற்றமாக இருக்கிறது, கொஞ்சம் நேரம் கொடுங்கள்' என்று கேட்கலாம். முந்தைய நாட்களில் தாங்க முடியாமல் போனால், அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416-இல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. முடிவில் உடன்பாடு இல்லாதவர் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்த மேல்முறையீட்டுக்கும் இதே குறிப்பும் ஃபைலும் தேவைப்படும் என்பதால், முடிவு எதுவானாலும் நகல்களைப் பத்திரப்படுத்த வேண்டும்.

(தொடரும்)