கால் நடந்தது, மூளை வளர்ந்தது!

முதியவர்களை நடக்கவைத்து ஆராய்ந்த பேராசிரியர்

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடாதவர் யார்? அது சாதாரண மறதி.

பெற்ற மகனையே பார்த்து, "நீ யாரப்பா?" என்று கேட்க வைக்கும் மறதியும் உண்டு. அது நோய்! 2021-ம் ஆண்டில் உலகத்தில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இந்த மறதி நோய் இருந்தது. இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

வயதானால் மூளை தளர்ந்துதான் ஆக வேண்டுமா? தளர்ச்சியைத் தள்ளிப்போட வழி உண்டா?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர், அமெரிக்கப் பேராசிரியர் ஆர்தர் கிராமர். அவர் மாத்திரை கொடுக்கவில்லை. ஊசி போடவில்லை. முதியவர்களை நடக்கச் சொன்னார்!

124 பேர்

கிராமர் மனோதத்துவ நிபுணர். 1984-ம் ஆண்டு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே பேராசிரியர் ஆனார். மனிதனின் கவனம் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் ஆராய்ந்தார். பிறகு முதியவர்கள் பக்கம் திரும்பினார்.

60 வயது முதல் 75 வயது வரை உள்ள 124 பேரைக் கிராமர் குழுவினர் சேர்த்தார்கள். எல்லோரும் உடற்பயிற்சி பழக்கம் இல்லாதவர்கள்.

அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் நடந்தார்கள். மற்றவர்கள் கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள்.

ஆறு மாதம் சென்றது. இருவகையினருக்கும் பரீட்சை வைத்தார்கள்.

நடந்தவர்கள் முன்னேறியிருந்தார்கள்! ஒரு வேலையை விட்டு மற்றொரு வேலைக்குச் சட்டென்று மாறினார்கள். தேவையில்லாததை ஒதுக்கி, தேவையானதில் கவனம் வைத்தார்கள். 1999-ம் ஆண்டு இந்த முடிவு வெளிவந்தது.

மூளைக்குள் கடல் குதிரை

மூளைக்குள்ளே என்ன நடந்தது? அடுத்து அதைப் படம் பிடித்துப் பார்த்தார்கள்.

மூளையில் கடல் குதிரை வடிவத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. "ஹிப்போகேம்பஸ்" என்று பெயர். புதிய விஷயங்களை ஞாபகத்தில் பதிய வைப்பது அதுதான். முதுமையில் இது ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்குகிறது.

கிராமரிடம் படித்த கிர்க் எரிக்சன் முன்னின்று ஒரு சோதனை நடத்தினார். கிராமரும் அதில் இருந்தார். 55 வயது முதல் 80 வயது வரை உள்ள 120 பேர் கலந்துகொண்டார்கள்.

பாதிப் பேர் வாரத்தில் 3 நாள் நடந்தார்கள். முதல் வாரம் 10 நிமிடம்தான். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினார்கள். ஏழாவது வாரத்தில் 40 நிமிடம்! இப்படி ஓர் ஆண்டு நடந்தார்கள்.

2011-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. நடக்காத பிரிவினருக்கு அந்தப் பகுதி சுமார் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. நடந்தவர்களுக்கோ, சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது! ஓரிரு ஆண்டு முதுமை பின்னால் போனதற்குச் சமம் இது.

நடந்தவர்களில் யாருக்கு அது அதிகமாக வளர்ந்ததோ, அவருக்கு ஞாபகசக்தியும் அதிகமாகக் கூடியிருந்தது.

நோயைத் தீர்க்குமா?

அப்படியானால், நோய் வந்தவரை நடக்க வைத்தால் குணமாகிவிடுமா?

இல்லை. மறதி நோய் வந்துவிட்ட 494 பேரை வைத்து இங்கிலாந்தில் சோதித்தார்கள். உடற்பயிற்சி செய்தவர்களின் உடல் வலுவானது. ஆனால் மறதி குறையவில்லை. 2018-ம் ஆண்டு வெளிவந்த முடிவு இது.

நோய் இல்லாதவர்களிடமும் எல்லாச் சோதனைகளும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 585 முதியவர்களிடம் நடந்த ஒரு சோதனையில், உடற்பயிற்சியால் ஞாபகசக்தி கூடவில்லை என்று 2022-ம் ஆண்டு தெரியவந்தது.

ஆகவே, நடந்தால் நோயே வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் வரக்கூடிய ஆபத்தைக் குறைக்கலாம். அதனால்தான், மூளை நலமாக இருக்கும்போதே உடற்பயிற்சி செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டு யோசனை கூறியது.

வீட்டில் தாத்தா, பாட்டி நாள் முழுதும் உட்கார்ந்தே இருக்கிறார்களா? கைபிடித்து வாசல் வரை அழைத்துச் செல்லுங்கள். இருதய நோயோ, மூட்டு வலியோ இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

சோதனையில் கலந்துகொண்டவர்களும் முதல் வாரம் 10 நிமிடம்தான் நடந்தார்கள். தொடங்க அது போதும்!