தரைக்கும் மெத்தைக்கும் இடையே இரண்டு அடி

மலேசியாவின் செலண்டார் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த ஒரு பாட்டியிடம், பிள்ளை கட்டிலில் இருந்து விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், கட்டில் எங்கே இருந்தது விழுவதற்கு என்றுதான் திருப்பிக் கேட்பார். லயத்து வீட்டில் சிமெண்டுத் தரை, அதன்மேல் பாய், பாயின்மேல் மடித்துப் போட்ட பழஞ்சேலை. கைக்குழந்தைக்கு உத்தரத்தில் சேலைத் தொட்டில். விடியுமுன் பால்மரம் சீவப் போகும் தாய் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். இரவில் உருண்ட பிள்ளை காலையில் பாய்க்கு வெளியே கிடக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகள் இன்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இருக்கிறார்கள். தரையில் வழவழப்பான ஓடு. தவணையில் எடுத்த கட்டில், அதன்மேல் கனத்த ஸ்பிரிங் மெத்தை. ஓர் அளவுநாடாவை எடுத்துத் தரையிலிருந்து மெத்தையின் மேல்விளிம்பு வரை அளந்து பாருங்கள். பல வீடுகளில் இரண்டு அடியைத் தொடும். இரண்டு வயதுப் பிள்ளையின் உயரமே ஏறக்குறைய 85 சென்டிமீட்டர்தான். மெத்தை அதன் நெஞ்சு மட்டத்துக்கு நிற்கிறது. தூக்கத்தில் புரளும் பிள்ளையை எந்தத் தாயாலும் இரவு முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அது விழும் தூரத்தைக் குறைக்க முடியும்.

விழுந்தால் என்ன ஆகும்?

முதலில் ஆறுதலான செய்தி. கட்டில், சோபாவிலிருந்து விழுந்த 246 சிறு பிள்ளைகளைப் பற்றி 1977இல் அமெரிக்க மருத்துவர் ரே ஹெல்ஃபரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காயமே இல்லை. சிலருக்கு எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தான காயம் ஒன்றுகூட இல்லை.

அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிடக் கூடாது. தலையில் அடிபட்ட 42,412 பிள்ளைகளை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை 3 அடிக்கு மேலிருந்து விழுந்தால் அதைக் கவனமாகப் பார்க்க வேண்டிய விழுகையாக எடுத்துக்கொள்கிறது. தாழ்வான கட்டிலுக்கும் இரட்டை அடுக்குக் கட்டிலின் மேல்தட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். ஆறு வயது ஆகாத பிள்ளையை மேல்தட்டில் படுக்க வைக்கவே கூடாது.

காக்க வைத்ததே கண்ணியாகலாம்

விழாமல் இருக்க நாம் செய்யும் சில ஏற்பாடுகள் விழுவதைவிட மோசமானவை. கைக்குழந்தையைச் சுற்றித் தலையணைகளை அணைகட்டி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். நான்கு மாதக் குழந்தை புரண்டு தலையணையில் முகம் புதைந்தால், தலையைத் திருப்பிக்கொள்ள அதற்குப் பலம் போதாமல் போகலாம். மூச்சுத் திணறும்போது சத்தமும் வராது. ஒரு வயது நிரம்பும் வரை குழந்தையின் பக்கத்தில் தலையணை, கனத்த போர்வை, பஞ்சு பொம்மை எதுவும் வேண்டாம். கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு.

அடுத்தது சுவர். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டால் ஒரு பக்கம் பத்திரம் என்று நினைக்கிறோம். நாளாக ஆகக் கட்டில் நகர்ந்து நான்கு விரல் இடைவெளி விழும். அதில் பிள்ளையின் உடல் இறங்கித் தலை மாட்டிக்கொள்ளலாம். கைக்குழந்தை படுக்கும் கட்டிலைச் சுவரிலிருந்து நன்றாக விலக்கிவையுங்கள், அல்லது மெத்தையைத் தரையில் போடுங்கள்.

கடையிலும் இணையத்திலும் விற்கும் கட்டில் தடுப்பு இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. தானாக ஏறி இறங்கத் தெரியாத குழந்தை மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவே சிக்கிக்கொள்ளலாம். உறவினர் தரும் பழைய மரத் தொட்டிலையும் சோதித்துப் பாருங்கள். கம்பிகளுக்கு நடுவே குளிர்பான டின் நுழைந்தால் இடைவெளி அதிகம் என்று பொருள். 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பக்கச் சட்டம் கீழே இறங்கும் வகைத் தொட்டிலை அமெரிக்கா 2011 ஜூனில் தடை செய்துவிட்டது. இங்கே பழையவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

செலவில்லாத மருந்து

ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை கட்டில் சட்டத்தைக் கழற்றிச் சாய்த்துவிட்டு மெத்தையைத் தரையில் போடுவதே நல்லது. நம் ஊர் ஈரத்துக்கு மெத்தையின் அடியில் பூஞ்சை பூக்கும். தினமும் காலையில் அதைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தால் போதும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் தரையில் படுக்கப் பூரானுக்கும் பாம்புக்கும் பயப்படுவது நியாயம்தான். கதவடி இடுக்கை அடைத்து, படுக்குமுன் மெத்தையின் ஓரங்களைப் புரட்டிப் பாருங்கள். அதுவும் ஒத்துவராது என்றால் தாழ்வான கட்டில் வாங்கி, பக்கத்துத் தரையில் கெட்டியான விரிப்பைப் போடுங்கள். ஜன்னலோரமும் மேசை முனைக்குப் பக்கத்திலும் கட்டிலைப் போட வேண்டாம்.

விழுந்துவிட்டால்

பிள்ளையை உலுக்காதீர்கள். வீங்கிய இடத்தில் தைலம் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை அவ்வப்போது லேசாக ஒற்றுங்கள். அழுது முடித்து, பால் குடித்து, பழையபடி விளையாடினால் பெரும்பாலும் கவலை இல்லை. தூங்க விடலாம். ஆனால் இடையிடையே எழுப்பி, முகம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்: நினைவு தப்பியது, மறுபடி மறுபடி வாந்தி, எழுப்பினால் எழாத மயக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர், உச்சிக்குழி புடைப்பு, நெற்றியைத் தவிர்த்துத் தலையின் வேறு பகுதியில் கொழகொழப்பான வீக்கம், கையையோ காலையோ அசைக்க மறுப்பது, எதற்கும் அடங்காத அழுகை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தலை அடிபட விழுந்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இரவு நேரத்தில் கிளினிக் திறக்கட்டும் என்று விடியும் வரை உட்கார்ந்திருக்காதீர்கள். 999க்கு அழையுங்கள், அல்லது செலண்டார் பக்கம் இருந்தால் ஜாசின் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டாக்டர் கேள்வி கேட்டால்

பல பெற்றோர் தயங்குவது இதற்குத்தான். எப்படி விழுந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று மருத்துவமனையில் துருவித் துருவிக் கேட்பார்கள். கேட்பது அவர்கள் கடமை. 2001ஆம் ஆண்டு சிறுவர் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, காயம் கொடுமையால் வந்தது என்று நம்பக் காரணம் இருந்தால் மருத்துவர் சமூக நல அதிகாரியிடம் தெரிவித்தாக வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பயத்தில் கதையை மாற்றினால் காயமும் கதையும் பொருந்தாமல் சந்தேகம் வளரும், சிகிச்சையும் தவறும்.

அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, தகுந்த மேற்பார்வைக்கு ஏற்பாடு செய்யாமல் பிள்ளையை விட்டுப் போவதைக் குற்றமாக்குகிறது. 20,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். இரவு ஷிப்டுக்குப் போகும் பெற்றோர் ஏழு வயது அக்காளிடம் இரண்டு வயதுத் தம்பியை ஒப்படைத்துவிட்டுப் போவது ஏற்பாடு ஆகாது. ஒரு பெரியவர் அந்த வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளை எங்கே, எதன்மேல் படுக்க வேண்டும் என்பதை, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை ஏற்கும் குழந்தைப் பராமரிப்பு மையம் (தாஸ்கா) சமூக நலத் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம், தூங்கும் அறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். பிள்ளை அங்கே துன்புறுத்தப்படுவதாகவோ கவனிப்பாரற்றுக் கிடப்பதாகவோ தெரிந்தால் தாலியான் காசே உதவி எண் 15999க்கு அழையுங்கள்.

பொருளில் குறை என்றால்

வாங்கிய தடுப்பு கழன்று விழுந்தது, தொட்டில் கம்பி பெயர்ந்தது என்றால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். இணையத்தில் வாங்கியதற்கும் அது பொருந்தும். ரசீது, பெட்டி, உடைந்த பகுதி எதையும் வீசிவிடாதீர்கள். முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை இழப்பீடு கோரலாம். மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உடற்காயத்துக்கான இழப்பீட்டை அந்த மன்றம் விசாரிக்காது, அதற்குச் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வசதி இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை நாடலாம்.

இவையெல்லாம் நடந்த பிறகு தேவைப்படுபவை. நடக்குமுன் செய்யக்கூடியதற்கு ரசீதும் வேண்டாம், மனுவும் வேண்டாம். இன்றிரவு மெத்தையைத் தரையில் போட்டுப் பாருங்கள். நள்ளிரவில் 'தொப்' என்று சத்தம் கேட்காது. விடிந்ததும் பிள்ளையைக் காணோமே என்று தேடினால், மேசைக்கு அடியில் குப்புறக் கிடந்து உறங்கிக்கொண்டிருக்கும்.