கொடுவாக் குஞ்சும் முதிர்ந்த நீரும்

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பொரிப்பகத்தில், கொடுவா மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைக்கும் முயற்சி 1997-இல் இந்தியாவில் முதன்முறையாக வெற்றி கண்டது. ஆயினும், தாய்மீனை முட்டையிட வைப்பதைக் காட்டிலும், பொரிந்த குஞ்சை முதல் சில வாரங்கள் உயிரோடு காப்பதே எந்தப் பொரிப்பகத்துக்கும் பெரிய சோதனை. வெதுவெதுப்பான கடல்நீரில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும் லார்வா, அதாவது உறுப்புகள் முழுமை பெறாத இளங்குஞ்சு, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளமே இருக்கும். வயிற்றோடு ஒட்டிய மஞ்சள்கரு தீரும் தறுவாயில் அதன் வாய் திறக்க, ரோட்டிஃபர் எனப்படும் நுண்ணிய மிதவை உயிரியே முதல் இரையாகிறது.

இரையும் கழிவும் சேரச்சேர நீரில் நச்சான அம்மோனியா பெருகும். நீரைத் தூய்மைப்படுத்தி மீண்டும் தொட்டிக்கே அனுப்பும் சுழற்சி நீர் முறையில், தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் உயிர்வடிப்பான் வழியே செல்ல, அங்குள்ள நெகிழி வில்லைகளில் படர்ந்த பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை மெல்லப் பெருகுபவை. கடல்நீரில் நிலைபெற ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால், குஞ்சு வருமுன்பே அம்மோனியம் உப்பிட்டு இவற்றை வளர்த்தாக வேண்டும்.

நீர்ச் சிக்கனமே இம்முறையின் பயன் என்று பெரிதும் பேசப்படுகிறது. லார்வாவைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. கிருமி நீக்கிய புது நீரில் போட்டிக்கு வேறு நுண்ணுயிர்கள் இல்லாததால், விப்ரியோ போன்ற விரைந்து பெருகும் பாக்டீரியாக்கள் இரை விழுந்தவுடனே தலைதூக்குகின்றன. சுழன்று முதிர்ந்த நீரிலோ, மெல்ல வளரும் பாக்டீரியாக்கள் கரைந்த சத்தை முன்பே உண்டு தீர்த்திருப்பதால் விப்ரியோ போன்றவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை. நார்வேயின் டிரான்டைம் ஆய்வாளர்கள் குளிர்கடல் மீனான காட் முதலியவற்றில் ஆராய்ந்து வலியுறுத்திய கருத்து இது. லார்வாத் தொட்டிக்குள் நீர் நுழையும் வாயிலிலேயே புறஊதா விளக்கைப் பொருத்துவது இந்த நுண்ணுயிர்ச் சமநிலையைக் குலைத்துவிடும்.

சிறு கவனங்களும் உயிர் காப்பவை. நீச்சல்பையை நிரப்ப லார்வா மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்க வேண்டியிருப்பதால், இரையிலிருந்து கசியும் எண்ணெய்ப் படலத்தை இடைவிடாது வழித்தெடுக்க வேண்டும். வடிகுழாயை மூடிய வலையின் கண்ணளவு குஞ்சின் வளர்ச்சிக்கேற்ப மாற வேண்டும். கொடுவாவோ தன்னினத்தையே விழுங்குவதால், பெரியதைச் சிறியதிலிருந்து அடிக்கடி தரம்பிரிப்பதும் கட்டாயம்.

புதிதாகப் பொரிப்பகம் தொடங்குவோர், முட்டை கைக்கு எட்டிவிட்டது என்பதற்காக அவசரப்படாமல், அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பல நாள் தாழ்ந்தே நிற்பதைச் சோதித்தறிந்த பிறகே தொட்டியில் குஞ்சை விட வேண்டும்.