வேப்பெண்ணெய் நீரிற் கலவாமைக்குக் காரணம்

பயிர்ப் பூச்சிகளுக்கு வேப்பெண்ணெய் தெளித்த குடியானவர்களிற் சிலர், முதல் வரிசைகளிற் பூச்சி குறையவில்லையென்றும், கடைசி வரிசைகளில் இலை கருகிவிட்டதென்றும் முறையிடுவதுண்டு. இரண்டிற்கும் காரணம் ஒன்றே. எண்ணெய் நீரிற் கலவாமல் தெளிப்பானுள் மேலே மிதந்துவிடுகிறது. குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறுந் தண்ணீரும் முடிவில் தனி எண்ணெயும் வெளிவருகின்றன.

எண்ணெய் இலேசானதாகையாற் கலவாது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று, மிதப்பதற்கே அது காரணமாகும். சாராயமும் நீரினும் இலேசானதே. ஆயினும் எவ்வளவு சேர்த்தாலும் நீருடன் கலந்துவிடும்.

உண்மைக் காரணம் வேறு. நீரின் அணுத்திரள் ஒவ்வொன்றிலும் பிராணவாயு அணு ஒன்றும் ஜலவாயு அணுக்கள் இரண்டும் கோணலாய் அமைந்துள்ளன. பிராணவாயு மின்னணுக்களைத் தன்பால் அதிகமாய் இழுத்துக்கொள்வதால் அப்பக்கம் சிறிது எதிர் மின்சாரமும், மறுபக்கம் நேர் மின்சாரமும் பெறுகின்றன. இவ்விருமுனைத் தன்மையே முனைவு எனப்படும். இதனால் நீரின் அணுத்திரள்கள் சிறு காந்தங்களைப் போல ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. கறியுப்பும் அம்மோனியம் சல்பேட்டும் மின்சாரமேறிய துகள்களால் ஆனவையாதலால் நீர் அவற்றை இழுத்துப் பிரித்துக் கரைத்துவிடுகிறது. யூரியாவும் முனைவுடையதாகையால் எளிதிற் கரையும். எண்ணெயின் நீண்ட சங்கிலிகளிலோ முனைவு அநேகமாய் இல்லை. அவற்றுக்கு இடங்கொடுக்க நீர் தன் பிடியை நெகிழ்த்துவதில்லை. மண்ணெண்ணெயும் எண்ணெயின் இனத்ததேயாதலால் அதில் வேப்பெண்ணெய் தடையின்றிக் கலக்கும்.

சோப்பின் அணுத்திரளுக்கு ஒரு முனை நீரை நாடுவது. நீண்ட வால் எண்ணெயை நாடுவது. வால்கள் எண்ணெய்த் துளிக்குள் பதிய, முனைகள் வெளியே நீரைப் பற்ற, துளிகள் ஒன்றோடொன்று சேராமல் நிற்கின்றன. இது கரைசலன்று, பாலைப் போன்ற குழம்பே. ஆதலால் நெடுநேரம் வைத்தாற் பிரிந்துவிடும், கலந்தவுடன் தெளித்துவிடவேண்டும்.

நூற்றுக்கு 3 பங்குக் கலவைக்கு லிட்டருக்கு 30 மில்லிலிட்டர் எண்ணெய் வேண்டும். சோப்பைச் சிறிது வெந்நீரிற் கரைத்து, முதலில் எண்ணெயுடன் சேர்த்து நன்றாக அடித்து, பிறகே நீரைச் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். பலர் இம்முறையை மாற்றிச் செய்தே கெடுக்கின்றனர். கலவையிற் கொஞ்சம் கண்ணாடிப் புட்டியில் எடுத்துக் கால்மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். மேலே எண்ணெய் வளையம் கட்டினால் சோப்பு போதவில்லை.

சோப்பு நுரைக்காத கிணற்று நீர் இதற்கு உதவாது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியச் சத்தும் சோப்புடன் கூடி, கரையாத வெண்திரிகளாகி, தெளிப்பானின் நுனியையும் அடைத்துவிடும். அத்தகைய கிணறே உள்ளவர்கள் மழைநீரைச் சேமித்துவைத்துக் கலக்கவேண்டும்.