துவாதசிப் பாரணை: அகத்தியும் நெல்லியும் சுண்டையும்

ஏகாதசி உபவாசத்தைப் பற்றி நம் குடும்பங்களில் பேசப்படும் அளவுக்கு மறுநாள் காலைப் பாரணையைப் பற்றிப் பேசப்படுவதில்லை. "நேற்று முழுவதும் தண்ணீர்கூடப் பருகவில்லை" என்று மகிழ்ச்சியோடு சொல்லும் அன்பர்கள் பலர் உண்டு. "இன்று காலை உரிய வேளையில் பாரணை செய்தேன்" என்று ஒருவர் சொல்லக் கேட்பது அரிதாகவே உள்ளது. நம் பெரியோர் இவ்விரண்டையும் தனித்தனியாகக் கருதவில்லை. துவாதசியின் முதற் கால் பகுதியாகிய ஹரிவாசரம் கழிந்த பின்பும், துவாதசி முடிவதற்கு முன்பும் பாரணை நடைபெற வேண்டும். இல்லையேல் உபவாசம் நிறைவு பெறாது என்பது விதி. ஸ்ரீமத் பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் வரும் அம்பரீஷ மன்னனின் வரலாறு இதை ஒட்டியதே. நீராடச் சென்ற துர்வாச முனிவர் திரும்பவில்லை. துவாதசியோ முடியும் தறுவாயில் இருந்தது. விருந்தினருக்கு முன் உண்பது முறையன்று. துவாதசி கடப்பதும் முறையன்று. அந்நிலையில் சான்றோரைக் கலந்து, சிறிது தீர்த்தத்தை மட்டும் பருகி அம்மன்னன் விரதத்தை நிறைவு செய்தான்.

துளசி தீர்த்தத்துக்குப் பின் இலையில் என்ன பரிமாறப்பட வேண்டும் என்பதில் நம் இல்லங்களில் வழிவழியாக ஓர் ஒழுங்கு இருந்து வந்துள்ளது. அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, நெய்யில் வறுத்த சுண்டைக்காய், பாசிப்பருப்பு சேர்ந்த கூட்டு, மோர் ஆகியவை இருக்கும். புளி மட்டும் இராது. இதனைச் சம்பிரதாயம் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஆயுர்வேத நூல்களைச் சற்றே புரட்டினால் இப்பட்டியலின் பொருத்தம் விளங்கும்.

உடலை இலேசாக்கும் சிகிச்சைக்கு ஆயுர்வேதத்தில் 'லங்கனம்' என்று பெயர். சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம் அதனைப் பத்து வகையாகக் கூறுகிறது; உபவாசம் அவற்றுள் ஒன்று. உண்ணாதிருக்கும்போது செரிக்காமல் தேங்கிய 'ஆமம்' கரையும், அக்கினி தெளியும் என்பது அதன் கருத்து. ஆனால் அப்போது அந்த அக்கினி சிறியதாகவே இருக்கும். சிறு நெருப்பின் மீது பெருங்கட்டையை வைத்தால் அது அணைந்துவிடும். புல்லையும் வறட்டித் துணுக்கையும் இட்டுத்தான் வளர்க்க வேண்டும். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் இவ்வுவமையைப் பயன்படுத்தியே, பேதி முதலிய சுத்திகரிப்புக்குப் பின் முதலில் நீர்த்த கஞ்சி, அடுத்துக் குழைந்த கஞ்சி, பிறகு பருப்புச் சாறு என்று படிப்படியாக உணவை ஏற்றச் சொல்கிறது. ஒரு நாள் உபவாசத்துக்கு அத்தனை படிகள் வேண்டியதில்லைதான். ஆயினும் நெறி ஒன்றே.

அகத்தியை முதலில் எடுத்துக் கொள்வோம். கைப்பும் குளிர்ச்சியும் உடையது. பித்தத்தையும் கபத்தையும் தணிக்கும். ஆனால் வறட்சியும் வாதமும் உண்டாக்கும் என்பது ஆயுர்வேத நிகண்டுகளின் துணிபு. நம் வீட்டுப் பெண்கள் அக்கீரையைத் தனியே வதக்காமல், பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்தே சமைத்தனர். நிகண்டு படிக்காமலே நிகண்டு சொல்லும் குறையை அவர்கள் ஈடு செய்தனர் என்பதை எண்ண எண்ண வியப்பே மிகுகிறது. இன்றைய உணவு ஆய்வின்படி 100 கிராம் அகத்திக்கீரையில் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம்தான். ஆனால் அகத்தி மருந்தை முறிக்கும் என்பது சித்த மருத்துவர்கள் கூறும் பத்தியம். நாட்டு மருந்து உட்கொள்வோர் தம் வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோரும், எக்கீரையாயினும் வழக்கத்துக்கு மேல் திடீரென மிகுதியாக உண்ணலாகாது.

நெல்லிக்கு உப்பு நீங்கலாக ஐந்து சுவைகள் உண்டு என்பர். புளிப்புடைய பொருள்கள் பெரும்பாலும் சூடு தருபவை. நெல்லியோ புளிப்பாயிருந்தும் குளிர்ச்சியானது. ஒரு பகல் உண்ணாமலும் ஓர் இரவு உறங்காமலும் இருந்தவருக்குப் பித்தம் ஏறியிருக்கும். அந்த வெறும் வயிற்றில் புளிக் குழம்பை ஊற்றினால் என்னவாகும் என்பதை நெஞ்செரிச்சல் கண்டவர்கள் அறிவார்கள். சோற்றுக்குப் புளிப்பும் வேண்டும், எரிச்சலும் கூடாது. புளியை விலக்கி அவ்விடத்தில் நெல்லியை வைத்ததன் நுட்பம் இதுவென்றே நான் கருதுகிறேன். கார்த்திகை மாதத்துப் பிருந்தாவன துவாதசியன்று துளசி மாடத்தில் நெல்லிக் கிளையை நட்டுப் பூஜிக்கும் இல்லங்களுக்கு அதன் பெருமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சுண்டைக்காயின் கைப்பும் வீணன்று. கைப்புச் சுவை தன்னளவில் நாவுக்கு இனியதாக இல்லாவிடினும், நாவின் சுவையின்மையைப் போக்கிப் பசியைத் தூண்டும் என்று சரகர் குறிப்பிடுகிறார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கடைகளில் விற்கும் சுண்டை வற்றல் உப்பிட்ட மோரில் ஊறிக் காய்ந்தது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பச்சைச் சுண்டைக்காயைத் தட்டிக் கூட்டில் சேர்த்துக் கொள்வதே நலம்.

இப்போது நடப்பது வேறு. ஏகாதசியன்று 'பலகாரம்' என்ற பெயரில் ரவை உப்புமா, பூரி, கேசரி, ஜவ்வரிசி வடை. அன்றாடச் சோற்றைவிட அது கனமானது. மறுநாள் காலை கோயிலிலிருந்து வெளியே வந்ததும் உணவகத்தில் பொங்கல், வடை, இரண்டு முறை காப்பி. லங்கனமும் இல்லை, பாரணையும் இல்லை!

இதற்கு எதிரான கோடியில் நிற்பவர்களைப் பற்றியே எனக்குக் கவலை மிகுதி. என்னோடு வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், வயது 74. வைகுண்ட ஏகாதசி விடியலில் வரிசையில் நின்றிருந்தார். சர்க்கரை நோய் மாத்திரையை வழக்கம்போல் விழுங்கியவர், உணவு எதுவும் கொள்ளவில்லை. கை நடுங்கி, உடல் வியர்த்து, பேச்சுக் குழறத் தொடங்கியது. அருகிலிருந்த பூக்கார அம்மாள் கற்கண்டை நீட்டியபோது, விரதம் கெட்டுவிடும் என்று அவர் மறுத்தார். "ஐயா, மருந்துன்னு நெனச்சு வாயில போடுங்க" என்று அந்த அம்மாள் வற்புறுத்திய பிறகே வாங்கிக் கொண்டார். சிறிது நேரத்தில் தெளிவும் பெற்றார்.

அந்த அம்மாள் சொன்னது சாஸ்திரத்துக்கு முற்றிலும் இசைந்தது. நீர், கிழங்கு, கனி, பால், ஹவிஸ், அந்தணரின் விருப்பம், குருவின் சொல், மருந்து ஆகிய எட்டும் விரதத்தைக் கெடுக்கமாட்டா என்பது மகாபாரதத்து உத்யோக பர்வத்தில் விதுரர் வாயிலாக வரும் செய்தி. எட்டு வயதைக் கடந்து எண்பது நிறையாதவர்களுக்கே ஏகாதசி உபவாசம் என்று தர்ம சாஸ்திரமும் எல்லை வகுத்துள்ளது. முழு உபவாசம் இயலாதவர்களுக்கு ஒருவேளை உண்ணும் ஏகபக்தமும், இரவில் மட்டும் உண்ணும் நக்தமும் உள்ளன. சரகரோ முதியோரையும் மெலிந்தோரையும் லங்கனத்துக்கு உரியோராக அன்றி, ஊட்டம் அளிக்க வேண்டிய 'பிரும்மணத்துக்கு' உரியோராகவே எண்ணுகிறார். எழுபதைக் கடந்தவர் பாலும் பழமும் அருந்தி ஏகாதசி இருப்பது சலுகை அன்று. அவருக்குரிய விதியே அதுதான்.

ஆகவே சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர்கள் ஏகாதசிக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் அன்றைய அளவைக் கேட்டறிய வேண்டும். மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு. உண்ணாமல் அதை விழுங்குவதும் தவறு. சிறுநீர் பிரியும் மாத்திரை கொள்பவர்கள் நிர்ஜலமாக இருக்கலாகாது. கோயிலுக்குச் செல்லும்போது இடுப்பு முடிச்சிலோ சட்டைப் பையிலோ சிறிது கற்கண்டு இருக்கட்டும்.

பாரணையன்று முதல் கவளம் குழைந்த சாதமும் பாசிப்பருப்பும் நெய்யுமாக இருப்பது வயிற்றுக்கு இதமாக இருக்கும். கீரையை இரண்டு பிடிக்கு மேல் வைத்துக் கொள்ள வேண்டியதில்லை. தனியே வசிக்கும் முதியோர் துவாதசிக்கு முதல் நாளே கீரைக்காரரிடம் அகத்திக்குச் சொல்லி வைப்பது நல்லது. கோயில் வாசலில் பசுவுக்கென விற்கும் கட்டுகளில் முற்றிய இலையே மிகுதி. இளங்கொழுந்தாகப் பார்த்து, நரம்பு நீக்கி உருவி எடுத்தால் கைப்பும் குறையும், பல் இல்லாதவர்களும் மெல்லலாம்.