சாந்திவனத்தில் கண்ட இறைக்கொள்கை



திருவண்ணாமலையில் பல்லாண்டு ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊரில் கடவுளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கேட்பவர் கண் தானாகவே மலையை நோக்கித் திரும்பும். அடியும் முடியும் காணவொண்ணாச் சோதியாக இறைவன் நின்ற இடம் இது என்பது தலபுராணம். அத்தகைய ஊரில் ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, கிறித்தவர்கள் கடவுள் ஒருவரே என்கிறார்கள். ஆனால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூவரைச் சொல்கிறார்கள். இது எந்தக் கணக்கு?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அருகில் இருந்த கிறித்தவ மாணவன் மட்டும் தலை குனிந்திருந்தான். அவன் முகத்தைக் கண்டபின் விளையாட்டாக விடை கூறிவிட எனக்கு மனம் வரவில்லை.

இது எண்ணிக்கையைப் பற்றிய கொள்கையன்று; உறவைப் பற்றிய கொள்கை. சுதன் படைக்கப்பட்டவர் அல்லர், பிதாவோடு ஒரே உள்பொருள் உடையவர் என்று கி.பி. 325-இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் முடிவு செய்தனர். பின்வந்த அகஸ்டீன் என்னும் பேரறிஞர் ஓர் உவமையால் இதனை விளக்கினார். அன்பு என்று ஒன்று இருக்குமானால், அன்பு செய்பவர் வேண்டும். அன்பைப் பெறுபவர் வேண்டும். இருவரையும் பிணைக்கும் அன்பும் வேண்டும். அன்பு செலுத்துவதற்கு உலகம் தோன்றும்வரை கடவுள் காத்திருக்கவில்லை, அவருக்குள்ளேயே அது நிறைந்திருக்கிறது என்பதே இதன் கருத்து.

இக்கொள்கை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கிறித்தவர் வேண்டுதல் பிதாவை நோக்கி, சுதன் வழியாக, ஆவியின் துணையால் எழுவது. ஞானஸ்நானம் பெறுவது அம்மூவர் பெயரால். கத்தோலிக்கர் உணவுக்கு முன்னும் உறங்கப் போகுமுன்னும் நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை வரைந்துகொள்வதும் அப்பெயராலேயே.

இதனை நம் நாட்டுச் சொல்லால் கூறமுடியுமா என்று முயன்றவர்கள் உண்டு. வங்காளத்துப் பிரம்மபாந்தவ உபாத்யாயர் 1898-இல், மூவொரு கடவுளைச் சச்சிதானந்தம் என்று போற்றி வடமொழியில் ஒரு துதி இயற்றினார். சத்து பிதா, சித்து அவருடைய வார்த்தையாகிய சுதன், ஆனந்தம் ஆவி. அச்சொல்லையே ஓர் ஆசிரமத்தின் பெயராக்கி, அதன்படி வாழவும் தலைப்பட்டனர் பிரான்சு நாட்டுத் துறவிகள் இருவர். ஜூல் மோன்ஷனன் 1939-இலும், ஆன்றி லெ சோ 1948-இலும் இந்தியா வந்தவர்கள். 1950-இல் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரை மாந்தோப்பில், சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். மக்கள் வழங்கும் பெயர் சாந்திவனம். இருவரும் காவியுடுத்துக் குடிலில் வாழ்ந்தனர். லெ சோ, அபிஷிக்தானந்தர் என்ற பெயரும் பூண்டார்.

1980-களில், இளம் ஆசிரியனாக இருந்தபோது, நான் அங்குச் சென்றிருக்கிறேன். அப்போது ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் தலைமை வகித்தார். அவர் 1968-இல் அப்பொறுப்பை ஏற்றவர். வழிபாட்டிடம் நம் கோயில் அமைப்பிலேயே இருந்தது. வாயிற் கோபுரத்தில் சிலுவையினின்று எழும் மும்முக வடிவம் ஒன்று. அது அவர்கள் கூறும் மூவொருமை. மூலத்தானமோ இருண்டிருந்தது. நெஞ்சக் குகையில் இறைவன் உறைகிறான் என்பதற்கு அடையாளம் அது. காலை வழிபாட்டில் சந்தனமும் நண்பகலில் குங்குமமும் மாலையில் திருநீறும் அளித்தனர். எனக்கு அவற்றினும் வியப்பாயிருந்தது பந்தி. எந்நாட்டவரும் உள்ளூராரும் தரையில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டோம். உண்டபின் அவரவர் தட்டை அவரவரே கழுவினோம். கடவுளே உறவின் வடிவினர் என்று நம்புவோருக்கு அடுக்களையும் வழிபாட்டின் ஒரு பகுதியே என்பது அங்கே எனக்கு விளங்கிற்று. இந்த முயற்சியை எல்லாரும் வரவேற்றனர் என்று எண்ணிவிடாதீர்கள். நம் சமயச் சின்னங்களை எடுத்தாளுகிறார்கள் என்று இந்துக்களில் சிலரும், தூய்மை கெட்டது என்று கிறித்தவரில் சிலரும் கடிந்துகொண்டனர்.

நிறுவியவர் இருவருக்குள்ளும் கருத்து ஒன்றாக நிற்கவில்லை. அதற்குக் காரணம் எங்கள் மலையே எனலாம். இருவரும் 1949 சனவரியில் ரமணரைக் காண இங்கு வந்தனர். அன்று தொட்டு லெ சோவின் உள்ளம் அருணாசலத்தில் சிக்கிக்கொண்டது. 1952 முதல் பலமுறை வந்து மலைக்குகைகளில் தனித்து மௌனத்தில் இருந்தார். இரண்டற்ற ஒன்றே உண்மையானால், "பிதாவே" என்று அழைப்பவன் யார், அழைக்கப்படுபவர் யார்? அத்வைதத்தையும் மூவொருமையையும் எளிதில் ஒன்றாக்க இயலாது என்று மோன்ஷனன் கருதினார். அவர் 1957-இல் மறைந்தார். லெ சோவோ அனுபவத்தையும் விடாமல் விசுவாசத்தையும் விடாமல் தவித்தார். 1973-இல் இந்தூரில் அவர் காலமான பின் வெளிவந்த நாட்குறிப்பு அத்தவிப்பைக் காட்டுகிறது.

இவ்வளவும் வகுப்பில் சொல்லி முடித்தேன். கேள்வி கேட்டவன் அமைதியாக இருந்தான். தலை குனிந்திருந்த மாணவன் இப்போது எழுந்தான். "ஐயா, கடவுளே உறவு என்றால், அந்தச் சாமியார் குகையில் யாரோடு உறவு கொண்டிருந்தார்?" என்றான். மணி அடித்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.