பழைய பாய்மரப் படகைப் புதுப்பித்தல்: முதற்செலவு எதற்கு?

பெங்களூரு பிரேசர் டவுனிலிருந்து தெற்கே சிறிது தொலைவு சென்றால் அல்சூர் ஏரியை அடையலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கடற்கரையே இல்லாத இந்நகரில், மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள் பாய்மரப் படகு செலுத்தப் பழகும் நீர்நிலை இது. அவர்கள் சார்ந்துள்ள இராணுவப் பொறியியல் படையின் அதிகாரிகளே, 1985 செப்டம்பர் முதல் 1987 ஜனவரி வரை ‘திரிஷ்ணா’ என்னும் 37 அடிப் படகில் உலகைச் சுற்றி வந்து, இந்தியாவின் முதல் உலகப் பாய்மரப் பயணத்தை நிறைவு செய்தவர்கள். அப்படகு புதிதாகக் கட்டப்பட்டதன்று. பிரிட்டனில் விலைக்கு வாங்கப்பட்ட பழைய படகு.

பழைய படகு குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஓய்வுக்காலப் பொழுதுபோக்காக இருபது, இருபத்தைந்து அடிப் படகொன்றை வாங்க எண்ணுவோர் அதனைப் புதுப்பிக்கவும் ஒரு தொகையை ஒதுக்குவர். அத்தொகை எவ்வரிசையில் செலவாக வேண்டும் என்பதை, படகின் ‘காக்பிட்’ பகுதியைக் கொண்டு விளக்க முற்படுகிறது இக்கட்டுரை.

காக்பிட் என்பது படகின் பின்பகுதியில் தாழ்வாக அமைந்த திறந்த இடம். படகோட்டி அமர்ந்து சுக்கானையும் பாய்க் கயிறுகளையும் இயக்குவது அங்கேதான். 1979இல் இங்கிலாந்து, அயர்லாந்து கடற்பகுதியில் நடைபெற்ற ஃபாஸ்ட்நெட் போட்டியில் 303 படகுகள் கலந்துகொண்டன. இடையில் வீசிய புயலில் போட்டியாளர் 15 பேர் உயிரிழந்தனர். பின்னர் நடந்த விசாரணையில், காக்பிட்டிலிருந்து உள்ளறைக்குச் செல்லும் வாயிலை அடைக்கும் பலகைகள், பாதுகாப்புக் கச்சையை மாட்டும் கொக்கிகள் போன்ற எளிய பொருள்களின் குறைபாடுகள் முதன்மையாகப் பேசப்பட்டன.

முதலாவது: நீர் வெளியேறும் வழி

1.8 மீட்டர் நீளமும் 0.6 மீட்டர் அகலமும் 0.45 மீட்டர் ஆழமும் கொண்ட காக்பிட் ஓர் அலையால் நிரம்பினால், அதில் தேங்கும் நீரின் எடை ஏறத்தாழ அரை டன். அச்சுமையால் படகின் பின்புறம் தாழும். அடுத்த அலை இன்னும் எளிதாக உள்ளே ஏறும். எனவே நீர் விரைந்து வடிய வேண்டும். ஆழ்கடல் போட்டிகளுக்கு ‘வேர்ல்ட் செய்லிங்’ அமைப்பு வகுத்துள்ள விதிகள், 8.5 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள படகுக்கு 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரு வடிகால்களுக்கு ஈடான திறப்பையேனும் கோருகின்றன. பழைய படகுகளில் வடிகால் குழாய்கள் வெடித்தும், அடைப்பு வால்வுகள் இறுகியும், கிளாம்புகள் துருப்பிடித்தும் இருக்கலாம். இவற்றை மாற்ற ஆகும் செலவு சிறிது; மாற்றாமல் விட்டால் நேரும் இழப்பு படகு முழுவதுமாகலாம்.

இரண்டாவது: மறைந்திருக்கும் பழுது

ஃபைபர் கிளாஸ் படகுகள் பலவற்றின் மேல்தளத்தில், இரு அடுக்குகளுக்கு நடுவே பிளைவுட் அல்லது பால்சா மரம் வைக்கப்பட்டிருக்கும். திருகாணித் துளைகளின் வழியே கசியும் நீர் அம்மரத்தை ஆண்டுக்கணக்கில் மெல்ல மக்கச் செய்யும். சிறு சுத்தியலின் பிடியால் தளத்தைத் தட்டிப் பார்த்தால், உறுதியான இடம் கணீரென ஒலிக்கும்; மக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். மக்கிய பகுதியை வெட்டியெடுத்து, புதிய மரம் பொருத்தி, எப்பாக்சி கொண்டு மூட வேண்டும். இதனைச் செய்யாமல் மேலே தேக்குப் பலகை பதிப்பது, ஒழுகும் கூரையின் கீழ் சுவருக்கு வண்ணம் பூசுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது: கைகள் இயக்கும் கருவிகள்

சுக்கான் பிடியில் ஆட்டம் உள்ளதா, கயிறுகளைத் தாங்கும் கப்பிகளும் வின்ச்சுகளும் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். பாயைச் சுருக்கும் கயிறுகளைக் காக்பிட் வரை கொண்டுவருதல் பயனுள்ள மேம்பாடு. காற்று மிகும்போது பாய்மரத்தடிக்குச் செல்லும் தேவை குறைகிறது. பெருஞ்சுமை தாங்கும் பொருத்துகளை வெறும் திருகாணியால் முடுக்கலாகாது. தளத்தை ஊடுருவும் போல்ட்டும், அடியில் சுமையைப் பரப்பும் உலோகத் தகடும் வேண்டும். உப்பு நீருக்கு 316 தரத் துருப்பிடிக்காத எஃகு ஏற்றது.

நான்காவது: மின்சாதனங்கள்

ஆழமானி, ஜி.பி.எஸ். திரை ஆகியவற்றுக்கு வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியும் மின்கலத்தின் அருகே ஃபியூஸும் அவசியம். ஒலிபெருக்கி போன்ற காந்தமுள்ள பொருள்களைத் திசைகாட்டிக்கு அருகில் வைத்தால் அது பிழையான திசை காட்டும். மின்சாதனம் எத்துணை இருப்பினும், அது இல்லாமலும் படகு இயங்க வேண்டும். பம்பாயில் கட்டப்பட்ட ‘சுஹைலி’ என்னும் 32 அடி மரப்படகில் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் 1968–69இல் எங்கும் நிற்காமல் தனியே உலகைச் சுற்றினார். வழியில் தானியங்கிச் சுக்கான் கருவி உடைந்தது. பாய்களைச் சமன்செய்தே எஞ்சிய தொலைவைக் கடந்தார்.

மெத்தை, மடிப்பு மேசை, நிழற்கூரை ஆகியவற்றுக்கான செலவு இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும்.

கணக்கிட வேண்டியவை

புதுப்பிக்கும் செலவு படகின் விலையை மிஞ்சுவது அரிதன்று. அச்செலவு மறுவிற்பனையில் முழுமையாகத் திரும்பி வருவதும் அரிது. ஆகவே இதனை முதலீடாகக் கருதாமல், சேமிப்பிலிருந்து செய்யும் செலவாகவே கருதுதல் நலம். முன்பணம் கொடுப்பதற்கு முன் தகுதியுள்ள ஆய்வாளரைக் கொண்டு படகைச் சோதித்து, எழுத்து வடிவில் அறிக்கை பெற வேண்டும். பழைய படகைக் காப்பீடு செய்யும் நிறுவனங்களும் பொதுவாக அத்தகைய அறிக்கையைக் கேட்கும். தளத்தைத் திறந்த பின்னரே தெரியவரும் பழுதுகளுக்காக, மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கையேனும் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். இறக்குமதியாகும் பொருள்களின் விலையோடு சுங்கவரியையும் போக்குவரத்துக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுக.

தொகை போதாத நிலை வருமாயின், மேற்கண்ட வரிசையின் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொள்ளலாம். மெத்தையின்றியும் படகு கரை சேரும். வடிகாலையும் உறுதியான தளத்தையும் எக்காரணம் கொண்டும் நீக்கலாகாது.